தனித்தாளா, கலப்பா, களமா, வீட்டு வாசலா? பன்மை நிறைந்த வகுப்புக்கு ஆசிரிய மாணவரைத் தயார்படுத்தும் நான்கு வழிகள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டத்தைத் திருத்த உட்காருபவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். பல மொழிகளும் நம்பிக்கைகளும் வாழ்க்கை முறைகளும் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரும்போது, அவர்களுக்குக் கற்பிக்க நாளைய ஆசிரியரை எப்படித் தயார்படுத்துவது? அதற்கென ஒரு தனித்தாள் (தனிப் பாடம்) வைப்பதா, எல்லாத் தாள்களிலும் கலந்துவிடுவதா, பழக்கமில்லாத சமூகம் ஒன்றில் நீண்ட களப்பயிற்சிக்கு அனுப்புவதா, பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரச் செய்வதா? நான்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். ஆனால் பயிற்சிக் காலமும் விரிவுரையாளர்களும் பணமும் எங்குமே அளவோடுதான் இருக்கின்றன என்பதால், எதையாவது ஒன்றை முதலில் வைத்துத்தான் ஆக வேண்டும். பயிற்சி வகுப்புகளைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. அந்த இருக்கையிலிருந்து இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்

ஒருமுறை நான் மதிப்பிடச் சென்ற கணித வகுப்பில், பன்மைக் கல்வித் தாளில் அந்த ஆண்டு முதலிடம் பெற்ற மாணவி பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தார். பலகையில் அவர் எழுதிய கணக்கு இது: "உன் படுக்கையறையின் நீள அகல உயரம் என்ன? நான்கு சுவர்களுக்கும் வண்ணம் பூச வேண்டிய பரப்பு எவ்வளவு?" முன்வரிசையில் சில கைகள் உயர்ந்தன. மற்றவர்கள் நோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒரு பையன் பக்கத்திலிருந்தவனின் எண்களை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டான். வீட்டார் அனைவரும் ஒரே கூடத்தில் படுத்து உறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அந்தக் கேள்வியில் கணக்கு தொடங்கவே இல்லை. வகுப்பு முடிந்தபின் மாணவி தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தது: "பலருக்கும் பரப்பளவு என்ற கருத்து இன்னும் புரியவில்லை."

தேர்வுத்தாளில் பன்மையைப் பற்றி அழகாக எழுதத் தெரிந்த ஒருவரின் பாடக்குறிப்புக்குள் பன்மை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே என் முதல் அளவுகோல் இதுதான்: இந்தப் பயிற்சி, ஆசிரிய மாணவர் அடுத்த வாரம் வகுப்பில் கேட்கப்போகும் கேள்வியை மாற்றுகிறதா?

இரண்டாவது, இதை நடத்தப்போவது யார் என்பது. இருக்கும் விரிவுரையாளர்களால் முடியாத திட்டம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தாளிலேயே நின்றுவிடும். மூன்றாவது, சுமை யார் தலையில் விழுகிறது என்பது. இந்த விஷயத்தில் பெரும்பாலான மறைமுகச் செலவை, பட்ஜெட்டில் பெயரே இல்லாத பெற்றோர்களும் சிறுபான்மைப் பின்னணி மாணவர்களும் சுமக்கிறார்கள். நான்காவது, முன்முடிவு குறைகிறதா, கூடுகிறதா என்பது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பயிற்சி முன்முடிவை இறுக்கிவிடுவதும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டின் நெருக்கடியில் கற்றது தாக்குப்பிடிக்குமா என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

## தனித்தாள்

இதன் பெரிய பலம் உத்தரவாதம். கால அட்டவணையில் இடம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். எண்ணங்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பாடப்பொருளில் பன்மையைச் சேர்ப்பதில் அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பேங்க்ஸ் நான்கு படிகளைப் பிரித்துக் காட்டினார்: விழாக்களையும் தலைவர்களையும் ஆங்காங்கே குறிப்பிடுவது, இருக்கும் பாடத்தோடு ஓர் அலகை ஒட்டுவது, பாடத்தையே வேறு மக்களின் பார்வையிலிருந்து பார்க்கும்படி மாற்றியமைப்பது, கற்றதைக் கொண்டு மாணவர்கள் முடிவெடுத்துச் செயல்படுவது. தாம் பள்ளியில் கண்டதெல்லாம் முதல் படிதான் என்பது, இந்தப் பகுப்பைக் கேட்ட பிறகே பலருக்கும் புலப்படுகிறது. மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சுட்டிய வேறுபாடும் அப்படித்தான். புதிய மொழியில் சரளமாகப் பேச ஏறத்தாழ 2 ஆண்டுகள் போதும். பாடம் கற்கத் தேவையான மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். விளையாட்டு மைதானத்தில் வாய் ஓயாத பிள்ளை அறிவியல் விடைத்தாளில் தடுமாறுவதைச் 'சோம்பல்' என்று எழுதும் ஆசிரியருக்கு இந்த ஒரு செய்தியே போதுமானது. இவற்றை உட்கார வைத்துச் சொல்லித்தர ஒரு தாள் வேண்டும்தான்.

மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தனித்தாள் வந்தவுடன், மற்ற விரிவுரையாளர்கள் "அது அவருடைய தாள்" என்று கைகழுவ ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. மாணவர்களும் எந்த விடைக்கு மதிப்பெண் விழும் என்பதை இரண்டே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். வகுப்பில் சிறுபான்மைப் பின்னணியிலிருந்து ஒருவரோ இருவரோ இருந்தால், "உங்கள் ஆட்கள் வீட்டில் எப்படி?" என்று எல்லோரும் அவர்கள் பக்கம் திரும்புகிறார்கள். கட்டணம் கட்டிப் படிக்க வந்தவர் காட்சிப்பொருளாகவும் இலவச விரிவுரையாளராகவும் ஆக்கப்படுகிறார்.

இவற்றைவிட ஆபத்தானது பண்பாட்டுப் பட்டியல். 'இந்தச் சமூகத்துப் பிள்ளைகள் குழுவாகக் கற்பார்கள், அந்தச் சமூகத்தவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள்' என்ற பட்டியல்கள் மனப்பாடம் செய்ய வசதியானவை. ஒரு பண்பைச் சமூகம் முழுவதற்கும் ஒட்டிவிடாமல், குறிப்பிட்ட பிள்ளை எந்தெந்தப் பழக்கங்களில் பங்கெடுத்து வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் எனக் கல்வி ஆய்வாளர்கள் கிரிஸ் குட்டியரெஸும் பார்பரா ரோகாஃபும் 2003இல் எழுதியது இந்தப் போக்கை எதிர்த்துத்தான்.

மற்ற விரிவுரையாளர்கள் தயாராக இல்லாத, ஆனால் இதில் தேர்ந்த ஒருவராவது இருக்கிற கல்லூரிக்கும், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோரைச் சேர்க்கும் பெரிய நிறுவனத்துக்கும் தனித்தாளே ஏற்றது. ஒரு நிபந்தனையோடு: மதிப்பெண்ணில் பாதியாவது கட்டுரைக்குப் போகாமல், ஏற்கனவே எழுதிய பாடக்குறிப்பைத் திருத்தி எழுதுவதற்குப் போக வேண்டும்.

## எல்லாத் தாள்களிலும் கலத்தல்

கொள்கை அளவில் மிகச் சரியான வழி இதுவே. பண்பாடு வகுப்பறைக்குள் நுழைவது பெரும்பாலும் கற்பிக்கும் முறை வழியாகத்தான். எனவே அதைக் கற்பித்தல் முறைத் தாள்களிலேயே எதிர்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் பல ஆண்டுகள் களத்தில் இருந்து ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. அவர் பார்த்த கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், பெரியவர்கள் தங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பது வழக்கமில்லை. "இது என்ன நிறம்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை, "இது எதைப் போல இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். பள்ளியிலோ முழுக்க முழுக்க முதல் வகைக் கேள்விகள். விடை தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறார்கள் என்று புரியாமல் மௌனமாக இருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் மந்தமானவர்கள் என்று கருதினார்கள். கேள்வியின் வகையை மாற்றிய பிறகு அதே பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். ஹவாயில் கேத்ரின் ஆவ் ஆராய்ந்த வாசிப்புப் பாடங்களும் இதையே காட்டின. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேசிச் சேர்ந்து கதை சொல்லும் வழக்கத்தை, கையை உயர்த்திய பிறகே பேச வேண்டும் என்ற விதியால் அடக்காமல் அனுமதித்தபோது, வாசிப்பு பற்றிய உரையாடல் கூடியது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ கண்டது அறிவியல் வகுப்புகளில். இவை எல்லாம் மொழி கற்பித்தல், அறிவியல் கற்பித்தல் தாள்களின் நடுவே வர வேண்டிய செய்திகள். தனித்தாளுக்குள் அடைத்தால், கற்பிக்கும் நேரத்தில் நினைவுக்கு வராது.

ஆனால் குளத்தில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன அரசனின் கதைதான் இங்கே நடக்கிறது. மற்றவர்கள் ஊற்றும் பாலில் தம் குடத்துத் தண்ணீர் தெரியாது என்று எல்லோருமே நினைத்தால், விடிந்ததும் குளத்தில் தண்ணீர்தான் இருக்கும். நான் இருந்த ஒரு குழுவில் எல்லாத் தாள்களின் நோக்கங்களுக்கும் கீழே 'பண்பாட்டுப் பன்மையைக் கருத்தில் கொள்ளுதல்' என்று ஒரு வரி சேர்த்தோம். அன்று மாலை மிகுந்த மனநிறைவோடு வீடு திரும்பினோம். ஆண்டு முடிவில் பாடக்குறிப்புக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த வரி பாடக்குறிப்புகளின் தலைப்பகுதியிலும் அதே சொற்களில் நகலெடுக்கப்பட்டிருந்தது. கீழே நடந்த பாடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இதன் உண்மையான செலவு விரிவுரையாளர் பயிற்சி. ஒவ்வொருவரும் தம் பாடத்தில் எந்த வாரம், எந்த அலகில், எந்தச் செயல்பாட்டில் என்பதை எழுதித் தர வேண்டும். அதை யாராவது வருடா வருடம் சரிபார்க்க வேண்டும். பணியாளர் மாற்றம் குறைவாக உள்ள, விரிவுரையாளர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் சென்று பார்க்கும் வழக்கமுள்ள சிறிய கல்லூரியில் இது நன்றாக வேரூன்றும். மற்ற இடங்களில் இதை முதல் தேர்வாக வைக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

## நீண்ட களப்பயிற்சி

பன்மைக்கு ஆசிரியர்களைத் தயார்படுத்துவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து கிறிஸ்டீன் ஸ்லீட்டர் 2001இல் எழுதிய கட்டுரை, தனித்தாளைவிட, சமூகத்துக்குள் தங்கிப் பெறும் அனுபவத்துக்கு வலு அதிகம் இருக்கும் என்ற பக்கம் சாய்கிறது. இண்டியானா பல்கலைக்கழகம் 1970களிலிருந்து நடத்திவந்த திட்டம் இந்த வகைக்குப் பேர்போனது. ஆசிரிய மாணவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவாஹோ மக்களின் பகுதியிலுள்ள பள்ளிகளில் கற்பித்ததோடு, அங்குள்ள மாணவர் விடுதியிலும் தங்கி வேலை செய்தார்கள். பள்ளி மணி அடித்த பிறகும் அங்கேயே இருப்பதுதான் இதன் உயிர்நாடி. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மாலையில் தம்பியை எப்படி அதட்டுகிறது, எதைச் சொல்லிச் சிரிக்கிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

அனுப்பிவிட்டாலே போதும் என்ற நம்பிக்கையில்தான் கோளாறு இருக்கிறது. குழுக்களுக்கிடையேயான சந்திப்பு முன்முடிவைக் குறைக்க வேண்டுமானால் சமநிலை, பொது இலக்கு, கூட்டுழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை தேவை என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். மேசைக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியரும் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் சமநிலையில் இல்லை. களப்பயிற்சியிலிருந்து திரும்பிய ஒருவரின் நாட்குறிப்பில், "இங்குள்ள பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை, கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்கள்" என்று இருந்தது. கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வேலை நாளில், காலை பதினொன்றுக்கு. அந்த உரையாடல் நடந்திராவிட்டால், நேரில் கண்ட சாட்சி என்ற அதிகாரத்தோடு அந்த முடிவு அவருடன் ஓய்வுபெறும் வரை இருந்திருக்கும்.

வழிகாட்டி ஆசிரியர் யார் என்பதும் பெரிய விஷயம். நியூசிலாந்தில் ரஸ்ஸல் பிஷப்பும் உடனிருந்தவர்களும் 2001இல் தொடங்கிய தே கொத்தாஹிதாங்கா திட்டத்தில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மாணவர்கள் தங்கள் படிப்பைப் பாதிப்பது ஆசிரியருடனான உறவுதான் என்றார்கள்; ஆசிரியர்கள் பெரும்பாலும் பிள்ளையையும் வீட்டையும் காரணம் காட்டினார்கள். இரண்டாம் வகை விளக்கத்தை ஓய்வறையில் தினமும் சொல்லும் வழிகாட்டியிடம் ஒருவரை மூன்று மாதம் ஒப்படைத்தால் என்ன கற்றுத் திரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

பயணமும் தங்குமிடமும் கண்ணுக்குத் தெரிந்த செலவுகள். கைக்குழந்தை உள்ளவர்களும், மாலையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டுபவர்களும் இதில் சேர முடியாமல் போவது தெரியாத செலவு. ஒரே பள்ளிக்கு வருடா வருடம் புதியவர்களை அனுப்பும்போது, அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் நிரந்தரமாகக் கற்றுக்குட்டிகளிடம் படிக்கும் நிலையும் வருகிறது. சேரும் எண்ணிக்கை சிறிது, வாரம் ஒருமுறை களத்துக்கே போய் உரையாடும் மேற்பார்வையாளர் உண்டு, வழிகாட்டி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு என்ற மூன்றும் இருந்தால், இந்த வழிக்கு இணை கிடையாது. மூன்றாவது இல்லையென்றால் அனுப்பாமல் இருப்பதே மேல்.

## வீட்டு வாசல்

அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரில் ஆய்வாளர்கள் லூயிஸ் மோல், நார்மா கொன்சாலெஸ் முதலானோர் செய்த வேலையிலிருந்து இந்த வழி பரவலாக அறியப்பட்டது. 1992இல் வெளியான அவர்களின் கட்டுரை இன்றும் பயிற்சி வகுப்புகளில் படிக்கப்படுகிறது. மெக்சிக்கப் பின்னணியுள்ள தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆசிரியர்களே கற்றுக்கொள்பவர்களாகப் போனார்கள். விவசாயம், கட்டுமானம், பழுதுபார்த்தல், வணிகம், மருத்துவ மூலிகை என்று வீடுகளில் புழங்கும் அறிவைப் பார்த்து வந்து பாடமாக்கினார்கள். அவர்களில் ஓர் ஆசிரியை, தன் மாணவன் அக்கம்பக்கத்தில் மெக்சிக்க மிட்டாய் விற்பதைக் கவனித்தார். அதிலிருந்து வகுப்பில் மிட்டாய் பற்றிய ஆராய்ச்சி அலகு ஒன்று உருவானது. ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்துகாட்டி, உற்பத்தி, உணவுப் பழக்கம், விற்பனை பற்றியும் பேசினார்.

எங்கள் பயிற்சியில் இதைச் சிறிய அளவில் செய்தோம்: ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிள்ளையின் வீடு, இடைவெளி விட்டு இரண்டு சந்திப்பு. பிள்ளையின் படிப்பைப் பற்றிப் புகாரோ அறிவுரையோ சொல்லக் கூடாது. கேட்க வேண்டியது வேலையைப் பற்றி, அதை யார் யாருக்குச் சொல்லித்தந்தார்கள் என்பதைப் பற்றி. ஒரு மாணவி போன வீட்டில் தாய் துணி தைப்பவர். துணியை விரித்து, காகித வடிவங்களை அதன்மேல் பரப்பி, கை வளைவும் கழுத்து வளைவும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி திருப்பித் திருப்பி வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்தாராம். மாணவி தன் பரப்பளவுப் பாடத்தை அப்படியே மாற்றினார்: ஒரு செய்தித்தாள் விரிப்பு, எட்டு காகித வடிவங்கள், மிச்சம் குறைவாக வரும்படி அடுக்க வேண்டும், மிச்சத்தின் பரப்பைக் கணக்கிட வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை அன்றும் பேசவில்லை. பக்கத்துப் பிள்ளை வைத்த வடிவத்தை எட்டித் திருப்பி வைத்தாள். வைத்த இடம் சரியாக இருந்தது.

சங்கடங்களும் உண்டு. பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே விசாரணை என்று அஞ்சும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மறுப்பதற்கு முழு உரிமையும் வேண்டும், மறுத்ததன் நிழல் பிள்ளைமேல் விழவும் கூடாது. மொழி தெரியாத வீட்டில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது பெரும் தவறு, ஏனென்றால் சொல்ல வேண்டியதையும் மறைக்க வேண்டியதையும் அந்தச் சிறு தலை முடிவுசெய்ய நேரிடும். கேட்டதில் எதைக் குறிப்பேட்டில் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசியாக வேண்டும். இருவராகப் போவது நல்லது. பாடப்பொருள் நீர்த்துப்போகும் ஆபத்தையும் மறக்கக் கூடாது: தையல் பாடம் கணிதமாக ஆகாமல் கைவேலையாக முடிந்தால், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கணிதம் கிடைக்காமல் போகிறது. பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல் என்று அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லேட்சன்-பில்லிங்ஸ் 1995இல் வகுத்ததில் கல்வித் தேர்ச்சியே முதலில் நிற்கிறது. பண்பாட்டுத் திறனும் சமூகத்தைக் கேள்வி கேட்கும் விழிப்பும் அதன் பின் வருகின்றன. அந்த முதலாவதைத் தவறவிட்ட பல அழகான பாடங்களுக்கு நான் கைதட்டியிருக்கிறேன்.

ஐந்தாவது வழியாகச் சிலர் ஒருநாள் பயிலரங்கைச் சொல்வார்கள். பெயர்களைச் சரியாக உச்சரித்து வருகைப்பதிவு எடுப்பது போன்ற ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பயிற்றுவிக்க அது உதவும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| அளவுகோல் | தனித்தாள் | கலப்பு | நீண்ட களம் | வீட்டுச் சந்திப்பு |
|---|---|---|---|---|
| வகுப்பில் கேட்கும் கேள்வியை மாற்றுமா | பாடக்குறிப்போடு இணைத்தால் மட்டும் | உண்மையாக நடந்தால் ஆம் | வழிகாட்டியைப் பொறுத்தது | ஆம், உடனடியாக |
| நடத்தத் தேவை | தேர்ந்த ஒருவர் | எல்லா விரிவுரையாளர்களும் | வாராந்தர மேற்பார்வை | ஓரிருவர், நெருக்கமான கவனம் |
| சுமை விழும் இடம் | சிறுபான்மைப் பின்னணி மாணவர் | விரிவுரையாளர் | களப்பயிற்சி நடக்கும் சமூகம், வசதி குறைந்த மாணவர் | குடும்பங்கள் |
| முன்முடிவு இறுகும் ஆபத்து | பட்டியல் மனப்பாடத்தால் நடுத்தரம் | குறைவு | உரையாடல் இல்லாவிட்டால் அதிகம் | குறைவு, ஒரு வீட்டைச் சமூகமாக்கிவிடாதவரை |
| முதல் ஆண்டில் நிலைக்குமா | சொற்கள் நிலைக்கும் | பழக்கமாக நிலைக்கும் | ஆழமாக நிலைக்கும், நல்லதும் கெட்டதும் | ஒரு பிள்ளை வழியாக நிலைக்கும் |

## எந்த நிலையில் எது

ஓராண்டுப் பயிற்சியும் குறைந்த ஆள்பலமும் உள்ள கல்லூரி என்னிடம் கேட்டால், சிறிய தனித்தாள் ஒன்றையும் அதற்குள்ளேயே இரண்டு வீட்டுச் சந்திப்பையும் வைக்கச் சொல்வேன். தாளின் எழுத்துத் தேர்வைச் சுருக்கி, சந்திப்புக்குப் பின் திருத்திய பாடக்குறிப்பை முன்னதோடு சேர்த்து வாங்கித் திருத்தினால் போதும். இரண்டு ஆண்டுகளும் நிலையான விரிவுரையாளர் குழுவும் இருந்தால், இரண்டாம் ஆண்டில் கலப்பை மொழி, கணிதம் ஆகிய இரண்டு கற்பித்தல் முறைத் தாள்களில் மட்டும் தொடங்கலாம். எல்லாத் தாள்களிலும் ஒரே நாளில் தொடங்கினால் மீண்டும் அந்தப் பால் குளம்தான். நீண்ட களப்பயிற்சியை விருப்பத் தேர்வாக, உதவித்தொகையோடு வைப்பது நியாயம்.

சந்திப்பை எந்த வாரத்தில் வைப்பது என்பதில் நாங்கள் ஒருமுறை தவறு செய்தோம். கற்பித்தல் பயிற்சி முடிந்த பிறகு வைத்ததால், கற்று வந்ததைப் போட்டுப் பார்க்க வகுப்பே மிஞ்சவில்லை. அதன்பின் முதல் சந்திப்பைப் பயிற்சியின் இரண்டாம் வாரத்துக்கும், இரண்டாவதை ஆறாம் வாரத்துக்கும் மாற்றினோம். பிள்ளையின் பெயர் மனதில் பதியவும், திருத்திய பாடத்தை அதே வகுப்பில் நடத்திப் பார்க்கவும் அந்த இடைவெளி சரியாக இருக்கிறது.